காலியாகக் கிடந்த ஆடியோ டிராக்

இந்த வாரக் கேள்வி ரொம்பச் சின்னது. பட டிஸ்க்குல கமெண்டரின்னு ஒரு ஆப்ஷன் இருக்கும். படம் ஓட ஓட, அதை எடுத்தவரே பக்கத்துல உட்கார்ந்து பேசுற மாதிரி ஒரு தனி ஆடியோ. அதைக் கேட்க ரெண்டு மணி நேரம் செலவு பண்ணலாமா? பேசுற ஆளைப் பொறுத்துதான்னு என் பதில். ஆனா இதுக்குள்ள நம்ம தேனிப் பக்கத்துக் கதை ஒண்ணு இருக்கு. அதுக்காகத்தான் இந்த எபிசோட்.

முதல்ல இது எப்படி வந்துச்சுன்னு பார்த்துடுவோம். 1984. அமெரிக்காவுல கிரைட்டீரியன்னு ஒரு கம்பெனி, 1933-ல வந்த 'கிங் காங்' படத்தை லேசர்டிஸ்க்ல வெளியிடுது. லேசர்டிஸ்க்ல ரெண்டு ஆடியோ சேனல். படமோ மோனோ, ஒரு சேனலே போதும். இன்னொண்ணு சும்மா கிடக்குது. ரொனால்ட் ஹேவர்னு ஒரு திரைப்பட ஆய்வாளர், அந்தப் படத்தைப் பத்திக் கதை கதையா சொல்லக்கூடிய ஆளு. அவரையே மைக் முன்னாடி உட்கார வச்சு, சும்மா கிடந்த சேனல்ல பேச வச்சிட்டாங்க. உலகத்தோட முதல் கமெண்டரி டிராக் அதுதான். எந்தப் பெரிய திட்டமும் கிடையாது. மிச்சம் இருந்த பேண்ட்வித்தை வீணாக்கல, அவ்வளவுதான். என்னைக் கேட்டா முதல் பாட்காஸ்ட்டும் அதுதான்னு சொல்வேன். சண்டைக்கு வர்றவங்க வரலாம்.

ஆனா, படத்துக்குப் பக்கத்துல ஒருத்தர் நின்னு பேசுறது 1984-ல புதுசா வந்த பழக்கம் இல்லை. 1905-ல திருச்சியில ரயில்வேயில வேலை பார்த்த சுவாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரர்கிட்ட இருந்து புரொஜக்டரும் படச்சுருளும் வாங்கி, ஊர் ஊரா டூரிங் காட்சி நடத்தினார். மௌனப் படக் காலத்துல திரைக்குப் பக்கத்துல ஒரு ஆள் நின்னு, இவர் யாரு, என்ன நடக்குதுன்னு சத்தமா சொல்றது நம்ம ஊர்ல சகஜம். ஜப்பான்ல அந்த வேலைக்கு பென்ஷின்னு பேரு. அங்கே அவங்க ஸ்டார்.

பேசும்படம் வந்ததும் அந்த ஆளுக்கு வேலை போச்சு. அதுக்கப்புறம் நம்ம ஊர்ல நேர் எதிரா ஒண்ணு நடந்துச்சு. படத்தை எடுத்துட்டு சத்தத்தை மட்டும் வச்சுக்கிட்டோம். ஒலிச்சித்திரம். ஞாயித்துக்கிழமை மதியம் ரேடியோவுல ஒரு முழுப் படமும் வசனமும் பாட்டுமா ஓடும். 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 'திருவிளையாடல்' எல்லாம் வசன இசைத்தட்டா வந்துச்சு. தருமி சீனைப் பார்க்காமலே மனப்பாடமா சொல்ற ஆளுங்க இன்னும் இருக்காங்க. 1984-ல 'விதி' படத்தோட வசன கேசட் வந்தப்போ, கல்யாண வீடு, காதுகுத்து, டீக்கடைன்னு ரேடியோ செட் கட்டின இடத்துல எல்லாம் அந்தக் கோர்ட் சீன்தான். வருஷத்தைக் கவனிச்சீங்களா? அதே 1984. அங்கே ஹேவர், இங்கே ஆரூர்தாஸ் வசனம்.

அதனால, ரெண்டு மணி நேரம் ஒரு படத்தைக் காதால மட்டும் கேட்கிற பொறுமை நமக்கு இல்லைன்னு யாரும் சொல்லிட முடியாது. அந்தப் பொறுமை நம்மகிட்ட முன்னாடியே இருந்துச்சு.

அப்புறம் டிஸ்க் வந்துச்சு. விசிடியில இடம் ரொம்பக் கம்மி. ஒரு தட்டுல 74 நிமிஷம்தான், ஒரு தமிழ்ப் படத்துக்கு ரெண்டு, மூணு தட்டு வேணும். அங்கே கமெண்டரியை எதிர்பார்க்கிறது நியாயம் இல்லை. டிவிடி அப்படி இல்லை. அந்த ஸ்டாண்டர்டுல எட்டு ஆடியோ டிராக்குக்கு இடம் உண்டு. 2007-ல மோசர் பேயர் 34 ரூபாய்க்கு டிவிடி வித்து, ஊரெல்லாம் டிவிடி ஆச்சு. எங்க வீட்டுல வாங்கினது, வாடகைக்கு எடுத்ததுன்னு நான் தட்டின தமிழ் டிவிடி மெனுவுல எல்லாம் ஆடியோன்னு போனா டால்பி இருக்கும், சிலதுல டிடிஎஸ் இருக்கும். மிச்ச டிராக் எல்லாம் காலி. கமெண்டரிங்கிற வார்த்தையை நான் முதல்ல பார்த்ததே ஒரு இங்கிலீஷ் படத்துலதான்.

இப்போ தேனிக்கு வர்றேன். '16 வயதினிலே', 1977 செப்டம்பர் 15 ரிலீஸ். பாரதிராஜா அல்லிநகரம், இளையராஜா பண்ணைப்புரம், ரெண்டும் இந்த மாவட்டம். படத்தைப் பார்த்தா நம்ம பக்கத்து ஊர் மாதிரியே இருக்கும். ஆனா எடுத்தது கர்நாடகாவுல, மைசூர், கொள்ளேகால் பக்கம். முதல்ல 'மயில்'ங்கிற பேர்ல கருப்பு வெள்ளையில, அரசோட திரைப்பட நிதியில பண்றதா இருந்த கதை. அது நடக்கலை. எஸ்.ஏ. ராஜ்கண்ணு தயாரிச்சார், கலர்ல வந்துச்சு. ஸ்லோ மோஷன் கேமராவுக்கு வசதி இல்லாம ஸ்ரீதேவியையே மெதுவா ஓட வச்சாங்கன்னு ஒரு கதை பேட்டிகள்ல சொல்லப்படுது. இதெல்லாம் பேட்டியில, மேடையில, துண்டு துண்டாதான் கிடைக்குது.

இதே விஷயங்களை அந்தந்த ஷாட் ஓடும்போது கேட்டா எப்படி இருக்கும்னு யோசிங்க. "இந்தத் திண்ணை எந்த ஊர்ல? இந்தக் கிழவி யாரு? இந்த வெளிச்சம் காலையா, சாயங்காலமா?" பேட்டியில இதை யாரும் கேட்க மாட்டாங்க. திரையில அது கண்ணு முன்னாடி வந்தாத்தான் எடுத்தவருக்கே ஞாபகம் வரும். புத்தகமும் இதைத் தராது. பரத்வாஜ் ரங்கன் 2012-ல மணிரத்னத்தோட உரையாடி ஒரு நல்ல புத்தகமே போட்டார். இருந்தாலும் ஒரு புத்தகத்தால, இதோ இந்த நொடின்னு விரல் நீட்டிக் காட்ட முடியாது.

2017-ல அந்தப் படத்துக்கு நாற்பது வயசு. அப்போ ஸ்ரீதேவி இருந்தார், ஒளிப்பதிவாளர் நிவாஸ் இருந்தார், ராஜ்கண்ணு இருந்தார். ஸ்ரீதேவி 2018-ல போனார், நிவாஸ் 2021-ல, ராஜ்கண்ணு 2023-ல. ஆறு வருஷத்துக்குள்ள மூணு குரல்.

எல்லா கமெண்டரியும் பொக்கிஷம்னு நான் சொல்ல வரலை. 'டோட்டல் ரீகால்' டிவிடியில அர்னால்ட் பேசுறதைக் கேளுங்க. திரையில என்ன நடக்குதோ அதையே திருப்பிச் சொல்வார். சிரிப்புக்குக் கேட்கலாம். நடிகர்கள் கூட்டமா உட்கார்ந்து அவங்களுக்குள்ளயே சிரிச்சுக்கிற டிராக்கை எல்லாம் தாராளமா தாண்டிடுங்க. அதே சமயம் 'சிட்டிசன் கேன்' படத்துக்கு ரோஜர் எபர்ட் பேசினது இருக்கே! அவர் அந்தப் படத்துல வேலை பார்த்தவர் கிடையாது, விமர்சகர். எது நிஜ செட், எது ட்ரிக் ஷாட்டுன்னு ஃபிரேம் ஃபிரேமா பிரிச்சுக் காட்டுவார். சின்னமனூர்ல இருந்து மேகமலை ஏறுற பஸ்ல அந்த ஆடியோவை மட்டும் போன்ல கேட்டுக்கிட்டுப் போயிருக்கேன். பதினெட்டு கொண்டை ஊசி வளைவு, சிக்னல் கிடையாது, திரையும் கிடையாது. போரடிக்கவே இல்லை.

அந்த மலையைச் சொன்னதும் லெனின் பாரதியோட 'மேற்குத் தொடர்ச்சி மலை' ஞாபகம் வருது. 2018-ல வந்தது, விஜய் சேதுபதி தயாரிப்பு, தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவு. அடிவாரத்துல இருந்து ஏலத் தோட்டத்துக்கு மலைப்பாதையில ஏறி இறங்குற கூலிகளோட கதை. ஒரு ஏலக்காய் மூட்டை கை நழுவிப் பள்ளத்துல உருளுற காட்சி வரும். அங்கே எனக்கு இயக்குநர் குரல் மட்டும் போதாது. அந்தப் பாதையில நிஜமா மூட்டை தூக்கின ஒருத்தர் பக்கத்துல உட்கார்ந்து பேசணும். ஒரு மூட்டை எவ்வளவு கனம், எந்த இடத்துல இறக்கி மூச்சு வாங்குவாங்க, அப்படி ஒண்ணு போனா நஷ்டம் யார் தலையில விழும். நான் பார்த்த ஸ்ட்ரீமிங் ஆப்ல அந்தப் படத்துக்கு இருந்தது ஒரே ஒரு ஆடியோ டிராக்.

இதுக்கு எந்த கம்பெனியோட அனுமதிக்கும் காத்திருக்கத் தேவையில்லை. படத்தை நாம வெளியிடப் போறதில்லை, குரலை மட்டும்தான். வீட்டுல டிவியில படத்தைப் போடுங்க, சத்தத்தைக் குறைச்சு வைங்க, போன்ல ரெக்கார்டரை ஆன் பண்ணுங்க. சென்சார் சர்டிபிகேட் மறையுற நொடியில "இப்போ" ஒண்ணு சத்தமா சொல்லிடுங்க, கேட்கிறவங்க அதை வச்சு சிங்க் பண்ணிக்குவாங்க. மோனோ, 64 கேபிபிஎஸ்-ல வச்சா ரெண்டு மணி நேரத்துக்கு 60 எம்பி கூட வராது. பேச வேண்டியவர் அனேகமா உங்க தாத்தாவோ, தெருவுல பழைய புரொஜக்டர் ஆபரேட்டரோ இருப்பாரு. அவரைப் பாதியில மறிச்சுப் பேசாதீங்க. பாட்டு வரும்போது மட்டும் டீ கொடுங்க.