வியட்நாமிய மாநாட்டு மொழிபெயர்ப்பு: பொதியிடல், பசுமை நிதி

சூழலுக்கு உகந்த பொதியிடல், பசுமை நிதி மாநாடுகளில் வியட்நாமியத்துக்கும் ஆங்கிலம் முதலிய மொழிகளுக்கும் இடையே பேச்சை உடனுக்குடன் பெயர்க்கும் சிறப்புப் பணி. 2050க்குள் நிகர சுழிய உமிழ்வை எட்டுவதாக வியட்நாம் 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் உறுதியளித்தது. 2022 டிசம்பரில் அந்நாட்டுக்கான 1,550 கோடி டாலர் எரிசக்தி மாற்றக் கூட்டாண்மை அறிவிக்கப்பட்டது. அதில் மானியம் சிறிது, கடனே பெரும்பகுதி. இவ்விரண்டையும் குழப்பும் மொழிபெயர்ப்பாளர் பேச்சுவார்த்தையையே திசைதிருப்பிவிடுவார். 2020ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி, பொதிகளை மறுசுழற்சி செய்யும் பொறுப்பு 2024 ஜனவரி 1 முதல் உற்பத்தியாளரையும் இறக்குமதியாளரையும் சேர்ந்தது. பலபடலப் பிளாஸ்டிக் உறை, மக்கும் உறை, மறுசுழற்சிக் கட்டணம் ஆகியவற்றைத் துல்லியமாக அறிந்தவரே இப்பணிக்குத் தகுதியானவர். ஒலித்தடுப்பு அறையில் மொழிபெயர்ப்பாளர் இருவர் அமர்ந்து, 20 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறை மாறி மாறிப் பேசுவர். ஒருவர் பேசும்போது மற்றவர் எண்களைக் குறித்துக் கொடுப்பார். உரைகளையும் அட்டவணைகளையும் அவர்களிடம் முன்கூட்டியே அளிப்பது அமைப்பாளர்களின் கடமை.