சங்கு போன வழி

பொதட்டூர்பேட்டைக்கும் கடலுக்கும் வெகுதூரம். ஆனால் இந்த நெசவாளர் ஊரில் பிறப்பும் இறப்பும் ஒரு கடல் பொருளைத் தொட்டுத்தான் நடக்கின்றன. கைக்குழந்தைக்கு உரைமருந்தும் பாலும் புகட்டுவது சங்கில். இன்று அது எவர்சில்வரில் வந்தாலும் வடிவம் மாறவில்லை. தெருவில் யாரேனும் தவறிவிட்டால் சேகண்டியோடு முழங்குவதும் சங்குதான். இந்த இரட்டை வேலை அதற்கு நேற்று வந்ததல்ல.

பலுசிஸ்தானத்தின் மெஹர்கரில், எட்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய புதைகுழிகளிலேயே சங்கு வளையல்கள் கிடைத்திருக்கின்றன. பின்னால் ஹரப்பாவில், இடக்கையில் சங்கு வளையலோடு பெண்களைப் புதைத்தார்கள். உயிரோடிருந்தபோது அணிந்த நகையே கடைசிப் பயணத்துக்கும் துணை போயிற்று.

தெற்கே மன்னார் வளைகுடாவில் பரதவர்களும் கீழக்கரை முஸ்லிம்களும் மூச்சடக்கி மூழ்கிச் சங்கெடுத்தார்கள். சரக்கு கப்பலேறி வங்காளம் போனது. டாக்காவின் கைவினைஞர்கள் பிறை வடிவ ரம்பத்தால் அதை வளையங்களாக அறுத்தார்கள். வங்காளத்து மணப்பெண்ணுக்கு வெள்ளைச் சங்கு வளையலே சுமங்கலி அடையாளம். கணவன் இறந்தால் அதை உடைத்துவிடுவார்கள். இன்னும் வடக்கே இமயம் தாண்டித் திபெத்துக்குப் போன சங்கு, பௌத்தர்களின் எட்டு மங்கலச் சின்னங்களில் ஒன்றானது.

1658இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி போர்த்துகீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பறித்தது. முத்தோடு சங்கு வணிகமும் அதன் கைக்கு வந்தது. அந்த நூற்றாண்டில்தான் டச்சு நாட்டில் அசைவற்ற பொருட்களை மேசைமேல் பரப்பி வரையும் ஓவியங்கள் செழித்தன. கீழைக் கடல்களின் சிப்பிகளைச் செல்வர்கள் பெரும் விலை கொடுத்துச் சேகரித்தார்கள். லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் டச்சு ஓவியர் ஹார்மன் ஸ்டீன்விக் 1640 வாக்கில் தீட்டிய படம் ஒன்று இருக்கிறது. மண்டையோடு, அணைந்த விளக்கு, கடிகாரம், ஜப்பானிய வாள், இவற்றோடு பளபளக்கும் ஒரு கடற்சிப்பி. நம் சங்கு இனமல்ல, தூரத்து உறவு. எவ்வளவு சேர்த்தாலும் எதுவும் உடன்வராது என்று சொல்லத்தான் அதை அங்கே வைத்தார்.

1640களில் வென்செஸ்லாஸ் ஹாலர் என்ற ஓவியர் சிப்பிகளைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டார். அவரைத் தொடர்ந்து 1650இல் ரெம்பிராண்ட்டும் ஒரு சிப்பியைச் செதுக்கினார். அச்சில் எல்லாம் இடவலமாக மாறும் என்பதால் கையெழுத்தைத் திருப்பிப் பொறித்தவர், சிப்பியைத் திருப்பவில்லை. அச்சில் அதன் சுருள் எதிர்த்திசையில் விழுந்தது. நாம் வலம்புரி என்று பூஜையில் வைக்கும் அபூர்வச் சங்கின் சுழற்சியும் அதே திசைதான்! இயற்கை அரிதாகத் தருவதை அச்சு இயந்திரம் ஒவ்வொரு தாளிலும் தந்துவிட்டது.

உள்ளிருந்த உயிர் போன பிறகு எஞ்சுவதே சிப்பி. டச்சு ஓவியர் அந்த வெறுமையில் முடிவைக் கண்டார். ஆகவே அவர் மேசையில் அது மண்டையோட்டின் பக்கத்தில் அமர்ந்தது. நம் முன்னோர் அதே வெறுமையில் பாலை ஊற்றினார்கள், மூச்சை ஊதினார்கள், 108 சங்குகளில் நீர் நிரப்பிச் சாமிக்கு அபிஷேகம் செய்தார்கள். சாவை அவர்களும் மறைக்கவில்லை. சாவு வீட்டுக்கும் தொட்டில் வீட்டுக்கும் ஒரே பொருள் போதும் என்று துணிந்தார்கள். அந்தத் துணிவைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.