கம்பியில்லா வீட்டுத் தொலைபேசி: பயன்படுத்தியவர்களின் அனுபவ வரலாறு

கம்பியில்லா வீட்டுத் தொலைபேசி இரண்டு பகுதிகளைக் கொண்ட கருவி. ஒன்று, தொலைபேசி இணைப்பும் மின்சாரமும் வந்து சேரும் தளப்பெட்டி. மற்றொன்று, கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நடமாடியபடியே பேசக்கூடிய கைக்கருவி. இரண்டுக்கும் இடையே பேச்சை வானொலி அலைகள் சுமந்து செல்கின்றன. பேச்சுவழக்கில் இதைக் கார்ட்லெஸ் போன் என்கிறோம். இதுவும் செல்பேசியும் ஒன்றல்ல. செல்பேசி ஊரில் உள்ள கோபுரத்தோடு தொடர்புகொள்கிறது. கார்ட்லெஸ் போன் தன் வீட்டில் உள்ள தளப்பெட்டியோடு மட்டுமே தொடர்புகொள்கிறது.

பழைய தொலைபேசியின் கம்பி பேசுபவரை ஓரிடத்தில் கட்டிப்போட்டது உண்மை. ஆனால் அதே கம்பி சத்தமில்லாமல் வேறு சில வேலைகளையும் செய்துவந்தது. பேச்சு வெளியே கசியாமல் காத்தது; அந்த இணைப்பை வேறொருவர் பயன்படுத்தாமல் தடுத்தது; மின்சாரம் நின்றாலும் தொலைபேசியை இயங்க வைத்தது. கம்பி நீங்கிய பிறகுதான் இவற்றின் அருமை தெரிந்தது. கார்ட்லெஸ் போன் முதலில் பெருமளவில் புழங்கிய நாடுகளுள் ஒன்று அமெரிக்கா. அங்கே அதை வாங்கியவர்கள் பட்ட தொல்லைகளும், அவற்றால் பிறந்த விதிகளும், தொழில்நுட்ப மாற்றங்களுமே இக்கட்டுரையின் பொருள்.

தோற்றம்

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்வைகர்ட் என்பவர் இக்கருவியின் முன்னோடிகளுள் ஒருவர். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் பகுதியில் வானொலி இயக்குநராகப் பணியாற்றியவர். பின்னர் அமெச்சூர் வானொலியில் ஈடுபாடு கொண்டிருந்தார். இருவரும் ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் ஏற்ற கம்பியில்லாக் கருவி ஒன்றுக்கு 1966-ஆம் ஆண்டில் காப்புரிமை கோரினார். 1969 ஜூன் 10 அன்று அது வழங்கப்பட்டது.

காப்புரிமை கிடைத்தும் கருவி உடனே கடைகளுக்கு வரவில்லை. அந்நாளில் அமெரிக்க வீடுகளில் பெரும்பாலானவற்றில் தொலைபேசிக் கருவி நிறுவனத்தின் சொத்து. வேறு கருவியை இணைப்பில் மாட்ட நிறுவனம் இடம் தரவில்லை. தகவல் தொடர்பைக் கட்டுப்படுத்தும் எப்.சி.சி. என்னும் அரசு ஆணையம் 1968-இல் கார்ட்டர்போன் என்ற கருவி குறித்த வழக்கில் அளித்த முடிவே இந்தப் பூட்டைத் திறந்தது. இணைப்புக்குக் கேடு செய்யாத எந்தக் கருவியையும் மாட்டலாம் என்றானது. 1984 ஜனவரி 1 அன்று ஏ.டி.&டி. நிறுவனத்தின் ஏகபோகமும் பிரிக்கப்பட்டது. மக்கள் தங்கள் தொலைபேசியைத் தாங்களே கடையில் தேர்ந்து வாங்கும் காலம் வந்தது. கார்ட்லெஸ் போனும் அந்த அலையில்தான் வீடுகளுக்குள் நுழைந்தது.

காதுக்குள் ஒலித்த மணி

தொடக்ககாலக் கருவிகள் சிலவற்றில் மணி ஒலிப்பதற்கெனத் தனி ஒலிபெருக்கி இல்லை. பேச்சைக் கேட்கும் காதுப்பகுதியே மணியாகவும் ஒலித்தது. அழைப்பு வந்ததும் முதலில் விசையைப் பேசும் நிலைக்குத் தள்ளிவிட்டு, அதன் பிறகே காதருகே கொண்டுசெல்ல வேண்டும். கம்பித் தொலைபேசியை எடுத்தவுடன் காதில் வைத்தே பழகியவர்கள் விசையை மறந்தார்கள். அறை முழுவதும் கேட்க வேண்டிய மணியோசை காதுத் துளைக்குள் நேராக ஒலித்தது. காதில் ஓயாத இரைச்சலும், செவிப்புல இழப்பும் ஏற்பட்டவர்களைப் பற்றி 1980-களின் நடுவில் மருத்துவ இதழ்களில் கட்டுரைகள் வந்தன. பின்வந்த கருவிகளில் மணி ஒலிக்கும் பகுதி காதுப்பகுதியிலிருந்து பிரிக்கப்பட்டது.

பக்கத்து வீட்டு வானொலியில் நம் பேச்சு

முதல் தலைமுறைக் கருவிகளில் தளப்பெட்டி ஏறக்குறைய 1.7 மெகாஹெர்ட்ஸ் அலைவெண்ணிலும், கைக்கருவி 49 மெகாஹெர்ட்ஸ் அலைவெண்ணிலும் ஒலிபரப்பின. தளப்பெட்டியின் ஒலிபரப்புக்குத் தனி ஆண்டெனா கிடையாது. வீட்டின் மின்கம்பிகளே ஆண்டெனாவாகப் பயன்பட்டன. அந்நாளில் மத்திய அலை வானொலியின் எல்லை ஏறத்தாழ 1.6 மெகாஹெர்ட்ஸில் முடிந்தது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் தம் வானொலிப் பெட்டியின் முள்ளைக் கடைசி நிலையத்துக்குச் சற்று அப்பால் திருப்பினாலே அடுத்த வீட்டுப் பேச்சு கேட்கக்கூடும். பேசுபவரின் குரலும் தளப்பெட்டி வழியே திரும்ப ஒலிபரப்பானதால், உரையாடலின் இரு பக்கங்களும் ஒருசேரக் கேட்டன.

இது நீதிமன்றங்களுக்கும் சென்றது. கன்சாஸ் மாநிலத்தில் ஒருவருடைய கார்ட்லெஸ் பேச்சு அயலவரின் வானொலியில் கேட்டது. போதைப்பொருள் பற்றிய பேச்சு என்று கருதிய அவர் காவல்துறைக்குத் தெரிவித்தார். பேச்சு பதிவு செய்யப்பட்டது. கருவியின் தன்மை அதனுடன் தரப்பட்ட கையேட்டிலேயே சொல்லப்பட்டிருந்ததைச் சுட்டிக்காட்டிய மாநில உச்ச நீதிமன்றம், அதன் உரிமையாளர் தம் பேச்சு இரகசியமானது என்று எதிர்பார்க்க இடமில்லை என்று 1984-இல் தீர்ப்பளித்தது. வாங்கியவர்களில் எத்தனை பேர் கையேட்டைப் படித்திருப்பார்கள் என்பது நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது.

1986-இல் அமெரிக்க நாடாளுமன்றம் மின்னணுத் தகவல் தொடர்புத் தனியுரிமைச் சட்டத்தை இயற்றியது. செல்பேசிப் பேச்சை ஒட்டுக்கேட்பது அச்சட்டப்படி குற்றம். ஆனால் கார்ட்லெஸ் போனில் கைக்கருவிக்கும் தளப்பெட்டிக்கும் இடையே காற்றில் செல்லும் பேச்சுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்று அதே சட்டம் வெளிப்படையாகக் கூறியது. எளிதில் யார் வேண்டுமானாலும் கேட்கக்கூடிய ஒன்றைக் கேட்டதற்குத் தண்டிக்க முடியாது என்பதே அன்றைய வாதம்.

இதன் விளைவை அயோவா மாநிலக் குடும்பம் ஒன்று அனுபவித்தது. அவர்களுடைய பேச்சு அயலவரின் கார்ட்லெஸ் போனிலேயே கேட்டது. அயலவர் காவல் அதிகாரிகளுக்குச் சொல்ல, தொடர்ந்து கேட்கும்படி அவர்கள் ஊக்குவித்தனர். குடும்பத்தினர் வழக்குத் தொடுத்தும், 1989-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டப் பாதுகாப்பு இல்லை என்றது. 1990-இல் உச்ச நீதிமன்றமும் வழக்கை விசாரணைக்கு ஏற்கவில்லை.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தி உண்டு. மறுமுனையில் இருப்பவர் பழைய கம்பித் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கலாம். தம்மை அழைத்தவர் கையில் இருப்பது எந்தக் கருவி என்று அவருக்குத் தெரியாது. அவருடைய சொற்களும் சேர்ந்தே காற்றில் கலந்தன.

1994-இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. கார்ட்லெஸ் போன் பேச்சுக்கும் கம்பித் தொலைபேசிக்குரிய பாதுகாப்பு கிடைத்தது. விலக்கு எழுதப்பட்டதற்கும் நீக்கப்பட்டதற்கும் இடையே 8 ஆண்டுகள் சென்றிருந்தன.

பிறர் கைக்கருவியும் பாதுகாப்புக் குறியெண்ணும்

1984-இல் எப்.சி.சி. 46, 49 மெகாஹெர்ட்ஸ் பகுதிகளில் 10 இணைத் தடங்களை ஒதுக்கியது. ஒரு தெருவில் பத்துக்கு மேற்பட்ட வீடுகளில் கார்ட்லெஸ் போன் இருந்தால், இருவருக்கு ஒரே தடம் அமைவதைத் தவிர்க்க முடியாது. குழந்தை அழுவதைக் கேட்க அறையில் வைக்கும் கண்காணிப்புக் கருவிகளும் 49 மெகாஹெர்ட்ஸ் பகுதியிலேயே இயங்கின. தொலைபேசியை எடுத்தால் யார் வீட்டுக் குழந்தையோ அழும் சத்தம் கேட்டதும் உண்டு.

ஒட்டுக்கேட்பதோடு தொல்லை முடியவில்லை. குறியெண் இல்லாத கருவிகளில், ஒரே தடத்தில் இயங்கும் வேறொரு கைக்கருவியைக் கொண்டு வீட்டருகே நின்றால், அந்த வீட்டு இணைப்பிலேயே அழைப்பு விடுக்கலாம். கட்டணம் வீட்டுக்காரர் தலையில் விழும். வானொலி இரைச்சலைத் தளப்பெட்டி எண் சுழற்றும் துடிப்பு என்று தவறாக எடுத்துக்கொள்வதும் நடந்தது. யாரும் அழைக்காமலேயே 911 என்னும் அவசர உதவி எண்ணுக்கு அழைப்புகள் சென்றன. உண்மையான ஆபத்தில் இருப்பவருக்குச் சேர வேண்டிய நேரம் இதனால் வீணாயிற்று.

1991-இல் எப்.சி.சி. பாதுகாப்புக் குறியெண்ணைக் கட்டாயமாக்கியது. கைக்கருவியும் தளப்பெட்டியும் ஒரே இலக்கக் குறியெண்ணைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். அது பொருந்தினால்தான் இணைப்பு திறக்கும். குறைந்தது 256 வெவ்வேறு குறியெண்களுக்கு வழி இருக்க வேண்டும் என்பது விதி. ஒவ்வோர் இடத்திலும் 0 அல்லது 1 வரக்கூடிய 8 இடங்கள் இருந்தால், 2-ஐ 8 முறை பெருக்கக் கிடைப்பது 256 என்பதை மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். இக்குறியெண் பிறர் நம் இணைப்பைப் பயன்படுத்துவதைத்தான் தடுத்தது, பேச்சை மறைக்கவில்லை. அதனால் பேச்சின் இரகசியத்துக்கு உறுதி கூற இயலாது என்ற எச்சரிக்கையும் கருவியில் அச்சிடப்பட வேண்டியிருந்தது.

அலைவெண்களின் ஏற்றம்

நெரிசலைக் குறைக்க 1995-இல் தடங்கள் 25 ஆக உயர்த்தப்பட்டன. 1990-களில் 900 மெகாஹெர்ட்ஸ் கருவிகள் பரவின. அவற்றுள் சில, பேச்சை இலக்கங்களாக மாற்றி அனுப்பியதால் சாதாரண வானொலியில் கேட்க முடியாமல் போயிற்று. பின்னர் 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் வந்தன. சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும், வைபை இணையமும் அதே பகுதியில் இயங்குபவை. அடுப்பை ஏற்றினால் தொலைபேசி கரகரத்தது. தொலைபேசியில் பேசினால் இணையம் தடுமாறியது. அதிலிருந்து தப்ப 5.8 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் வந்தன. அலைவெண் உயர உயரச் சுவரைக் கடக்கும் ஆற்றல் குறையும். ஆகவே பெரிய எண் போட்ட கருவி வாங்கியவர்களுக்குத் தொலைவும் கூடும் என்பதற்கு உறுதியில்லை.

ஐரோப்பாவில் 1992-இல் டெக்ட் என்ற இலக்கமுறைத் தரம் உருவானது. 2005-இல் அமெரிக்காவும் தனக்கேற்ப மாற்றி அதை அனுமதித்தது. அங்கே அதற்கு டெக்ட் 6.0 என்று பெயர். இந்த 6.0 அலைவெண்ணைக் குறிப்பதன்று. உண்மையில் அது 1920 முதல் 1930 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இயங்குகிறது. 2.4, 5.8 என்ற வரிசையில் அடுத்தது போலத் தோன்றும்படி வைத்த வணிகப் பெயர் அது.

இந்தப் பெயருக்குப் பின்னால் நம் நாடுகளைத் தொட்ட சிக்கல் ஒன்றும் இருக்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் 3ஜி செல்பேசிகள் கோபுரத்துக்குச் செய்தி அனுப்பும் பகுதி 1920 மெகாஹெர்ட்ஸிலிருந்துதான் தொடங்குகிறது. அமெரிக்காவில் இருந்து உறவினர் அன்போடு வாங்கி வந்த டெக்ட் 6.0 தொலைபேசி, நம் ஊரில் அக்கம்பக்கத்தாரின் செல்பேசிச் சேவைக்கு இடையூறு செய்யக்கூடியது. இத்தகைய கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது என்று இலங்கையின் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அறிவித்தது. வெளிநாட்டிலிருந்து வானொலிக் கருவி எதைக் கொண்டுவந்தாலும், அது நம் நாட்டில் அனுமதிக்கப்பட்ட அலைவெண்ணில் இயங்குகிறதா என்று பார்ப்பது நல்லது.

மின்சாரமும் மின்கலமும்

கம்பித் தொலைபேசிக்கு வீட்டு மின்சாரம் தேவையில்லை. தொலைபேசி நிலையத்தில் உள்ள மின்கலத் தொகுதியிலிருந்து ஏறத்தாழ 48 வோல்ட் மின்னழுத்தம் இணைப்புக் கம்பி வழியாகவே வருகிறது. கார்ட்லெஸ் போனின் தளப்பெட்டியோ வீட்டு மின்சாரத்தை நம்பியே இருக்கிறது. மின்சாரம் நின்றால், கைக்கருவியில் மின்கலம் நிறைந்திருந்தாலும் பயனில்லை. புயலோ வெள்ளமோ வந்து உதவி கேட்க வேண்டிய நேரத்தில்தான் மின்சாரமும் நிற்கும். தமிழ்நாட்டில் 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது, கார்ட்லெஸ் போன் வைத்திருந்த வீடுகளுக்கு இது நன்றாகவே தெரிந்தது. அதே இணைப்பில் பழைய கம்பித் தொலைபேசி ஒன்றையும் மாட்டி வைத்தவர்கள் தப்பினார்கள்.

தொடக்ககாலக் கைக்கருவிகளில் நிக்கல்–காட்மியம் மின்கலங்கள் இருந்தன. சில ஆண்டுகளில் அவை தளர்ந்துவிடும். சில நிமிடப் பேச்சுக்குள் எச்சரிக்கை ஒலி கேட்கும். புதிய மின்கலத்தின் விலையைக் கேட்டுவிட்டுக் கருவியையே மாற்றியவர்கள் உண்டு. காட்மியம் நச்சு உலோகம் என்பதால், தூக்கி எறியப்பட்ட மின்கலங்கள் மண்ணுக்கும் நீருக்கும் கேடாயின. பின்னாளில் நிக்கல்–உலோக ஹைட்ரைடு மின்கலங்கள் பெரும்பாலும் அவற்றின் இடத்தைப் பிடித்தன.

கம்பி செய்த இன்னொரு சிறு வேலை, தொலைபேசி எங்கே இருக்கிறது என்று காட்டியது. கைக்கருவி மெத்தைக்கடியிலும் மொட்டைமாடியிலும் காணாமற்போகத் தொடங்கியதும், தளப்பெட்டியில் தேடும் பொத்தான் ஒன்று இடம்பெற்றது. அதை அழுத்தினால் கைக்கருவி ஒலியெழுப்பும். மின்கலம் தீர்ந்திருந்தால் அதுவும் கேட்காது.

மீண்டும் எழுந்த கேள்வி

டெக்ட் வந்தபின் ஒட்டுக்கேட்கும் சிக்கல் தீர்ந்துவிட்டதாகப் பலரும் எண்ணினர். 2008 டிசம்பரில் பெர்லினில் நடந்த கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் ஆய்வாளர்கள் சிலர், மடிக்கணினியில் செருகும் மலிவான அட்டை ஒன்றைக் கொண்டே டெக்ட் தொலைபேசிப் பேச்சைக் கேட்க முடிவதைக் காட்டினர். மறையாக்க வசதி தரத்தில் இருந்தும், சந்தையில் விற்ற கருவிகள் பலவற்றில் அது செயல்படுத்தப்படவே இல்லை. இதன் பிறகே டெக்ட் பாதுகாப்பு முறைகள் வலுப்படுத்தப்பட்டன.

கார்ட்லெஸ் போனின் வரலாற்றில் பெரும்பாலான திருத்தங்கள் வாங்கியவர்கள் பாதிக்கப்பட்ட பிறகே வந்தன. 256 குறியெண் விதிக்குப் பின்னால் வீண் அழைப்புகளும் பொய்யான அவசர அழைப்புகளும் இருக்கின்றன. 1994 சட்டத் திருத்தத்துக்கு முன்னால் நீதிமன்றத்தில் தோற்ற ஒரு குடும்பம் இருக்கிறது. இன்று வீட்டுத் தொலைபேசி இணைப்புகளே குறைந்துவருகின்றன. ஆனால் வாசல் கேமரா, குழந்தைக் கண்காணிப்புக் கருவி, பேச்சைக் கேட்டு வேலைசெய்யும் ஒலிபெருக்கி என்று கம்பியில்லாக் கருவிகள் வீட்டுக்குள் பெருகியுள்ளன. அவற்றை வாங்கும்போது, இது அனுப்புவதை வேறு யாரால் கேட்கவோ பார்க்கவோ முடியும், மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்ற இரண்டு கேள்விகளைக் கடையிலேயே கேட்டுவிட வேண்டும்.