விமானி அல்லாத விண்வெளி வீரர்



மீனம்பாக்கம் விமான நிலையத்தை அடுத்துள்ள பொழிச்சலூரில் விமானத்தின் இரைச்சல் காக்கையின் குரலைப்போல் பழகிப்போன ஒன்று. அவ்வூர் மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான்: “விமானம் ஓட்டத் தெரியாதவர் விண்வெளிக்குப் போக முடியாதா, ஐயா? எனக்கு இயந்திரங்களைப் பிரித்துப் பூட்டுவதில்தான் விருப்பம்.” அவனுக்கு நான் கூறிய விடையையே இன்று உங்களுக்கும் கூற விழைகிறேன்.

1984 ஏப்ரல் 3 அன்று பைக்கனூர் தளத்திலிருந்து சோயுஸ் டி-11 விண்கலம் கிளம்பியது. அதில் சென்ற நம் ராகேஷ் சர்மாவை அனைவரும் அறிவோம். பிரதமர் இந்திரா காந்தி வினவியதையும் அவர் விடையிறுத்ததையும் அறிவோம். கலத்தின் தலைவர் யூரி மாலிஷெவ், சர்மாவைப் போலவே விமானப்படை விமானி. மூன்றாமவரை நாம் மறந்துவிட்டோம். அவர் விமானி அல்லர். கென்னாடி ஸ்ட்ரெகாலோவ் என்னும் பொறியாளர்.

1940-இல் மாஸ்கோவை அடுத்த மித்தீஷி நகரில் பிறந்த அவர், இளமையில் கொரொலியோவின் விண்கலப் பட்டறையில் செப்புத் தகட்டு வேலை பழகும் தொழிலாளியாகச் சேர்ந்தார். உலகின் முதற் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் உருவான காலம் அது. பின்னர் பௌமன் தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்று, 1965-இல் பொறியாளராகி, அதே நிறுவனத்துக்குத் திரும்பினார். சுத்தியல் பிடித்த கை வரைபடத்தையும் பிடித்தது. 1980 நவம்பரில் முதன்முறை விண்ணேறி, சல்யூத்-6 நிலையத்தைப் பழுது பார்த்து மீண்டார்.

1983 அவருக்குப் பொல்லாத ஆண்டு. ஏப்ரலில் சென்ற பயணத்தில், நிலையத்தை நெருங்க வழிகாட்டும் அலைவாங்கி ஒடிந்துபோயிற்று. இணைய இயலாமல் இரண்டே நாளில் திரும்பினார்.

செப்டம்பர் 26 இரவு நிகழ்ந்ததோ அதனினும் கொடியது. விளாடிமிர் டிட்டோவும் அவரும் ராக்கெட்டின் உச்சியில் அமர்ந்திருந்தனர். புறப்பட ஒன்றரை நிமிடம் இருக்கையில் அடிப்பகுதியில் எரிபொருள் கசிந்து தீப்பற்றியது. சாளரங்களை மேலுறை மூடியிருந்தமையால் உள்ளிருந்தோர் தீயைக் காணவில்லை. அதிர்வை மட்டும் உணர்ந்தனர். ஆபத்தை அறிவிக்கவேண்டிய கம்பிகளோ முன்னமே கருகிவிட்டன. எனவே தரையில் இருந்தவர்கள் வானொலிவழி ஆணையிட வேண்டியதாயிற்று. அந்த ஆணை கிட்டியதும் முனையிலிருந்த சிறு தப்பிப்பு ராக்கெட் கலத்தைப் பிய்த்தெடுத்துக்கொண்டு மேலே பாய்ந்தது. சில நொடிகளில் கீழே பெரிய ராக்கெட் வெடித்துச் சிதறியது. தம் உடலெடையைப்போல் பதினான்கு மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்தைத் தாங்கிய இருவரும், சுமார் 4 கிலோமீட்டர் தொலைவில் குடைவழி உயிருடன் இறங்கினர். தம் வாயினின்று வந்த வசைமொழிகள் பதிவாகாதிருக்க ஒலிப்பதிவுக் கருவியைத்தான் முதலில் நிறுத்தியதாக டிட்டோவ் பின்னாளில் கூறினார்! மனிதர்தாமே.

இதன்பின் ஒருவர் பட்டறைக்கே திரும்பியிருந்தால் யார் குறை கூறுவர்? ஆயினும் ஆறு திங்கள் கழிந்தபோது, இந்தியருடன் செல்லவிருந்த பொறியாளர் ருக்காவிஷ்னிக்கோவ் நோயுற, அவரிடத்தில் ஸ்ட்ரெகாலோவ் அமர்ந்தார். எரிந்ததும் சோயுஸ் வகை ராக்கெட்டே. அவர் மீண்டும் ஏறியதும் அவ்வகை ராக்கெட்டே. அதன் ஒவ்வோர் உறுப்பையும் அறிந்தவரின் துணிவு, அறியாதவரின் துணிவைவிட ஒருபடி உயர்ந்தது என்பது என் கருத்து. மூவருக்கும் இந்திய அரசு அசோக சக்கர விருது வழங்கியது. பின்னும் இருமுறை விண்வெளி சென்று, 1995-இல் அமெரிக்க அட்லாண்டிஸ் ஓடத்தில் தரையிறங்கிய அவர், 2004-இல் மறைந்தார்.

“நம் நாட்டுப் பொறியாளர்?” என்றான் மாணவன். விடாப்பிடியான பிள்ளை! ககன்யான் திட்டத்துக்கென 2024-இல் அறிவிக்கப்பட்ட நால்வரும் விமானப்படையினரே. அவருள் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். ஆனால் முன்னரே நம் விண்வெளித் துறைப் பொறியாளர்கள் பி. ராதாகிருஷ்ணனும் என். சி. பட்டும் தேர்வாகியிருந்தனர். இன்சாட்-1சி செயற்கைக்கோளுடன் 1986-இல் அமெரிக்க விண்வெளி ஓடத்தில் அவருள் ஒருவர் செல்வதாக ஏற்பாடு. அவ்வாண்டு ஜனவரி 28 அன்று சாலஞ்சர் ஓடம் எழுவருடன் அழிந்தது. பயணம் கைவிடப்பட்டது. 1988 ஜூலையில் கூரூ தளத்திலிருந்து, ஆளில்லா ஏரியான் ராக்கெட்டில், இன்சாட்-1சி சென்றது.