தெருவுக்கு வந்த எழுத்து

புதுவைத் தெருவொன்றில், ஓவியர் தம் கையால் தீட்டிய பழைய கடைப்பலகையைக் கண்டால் நாம் சற்றே நிற்கிறோம். தடித்த எழுத்து, அதன் ஓரத்தே கருநிழல், பலகையை விட்டு எழுந்து நிற்பது போன்ற தோற்றம்! வெறும் அலங்காரம் என்று அதனை ஒதுக்குவோர் உளர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. எழுத்து யாருக்காக என்ற பெரிய கேள்விக்கு அந்த நிழலிலே ஒரு விடை உண்டு.

எழுத்து நெடுங்காலம் சிலருடைய உடைமையாகவே இருந்தது. அச்சுப்பொறி வந்த பின்னும் அந்நிலை உடனே மாறிடவில்லை. புதுவையில் பிரெஞ்சு ஆட்சியாளரிடம் இருந்த அச்சகத்தை, 1761இல் நகரைப் பிடித்த ஆங்கிலேயர் சென்னைக்கு எடுத்துச் சென்றனர். வேப்பேரியில் பாப்ரிசியஸ் பொறுப்பில் அது இயங்கிற்று. வென்றவர் வாரிச் சென்ற பொருள்களுள் எழுத்தும் ஒன்று! ஆனால், அச்சகத்தைப் பறிகொடுத்த அதே புதுவைதான், 1908இல் ஆங்கிலேயரின் அடக்குமுறைக்குத் தப்பி வந்த பாரதியாரின் ‘இந்தியா’ இதழுக்கு அடைக்கலம் தந்தது.

மேனாட்டிலே ஆலைகள் பெருகின; சரக்குகள் குவிந்தன; தெருவில் போவோரை அழைத்து நிறுத்தும் தேவை பிறந்தது. நூலில் இருந்த சிற்றெழுத்து அதற்குப் போதவில்லை. 1815 அளவில் இலண்டன் வார்ப்பாளர் வின்சென்ட் பிக்கின்ஸ் நிழலோடு கூடிய அச்செழுத்தை வெளியிட்டார். 1827இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ், மரத்தில் பேரெழுத்துகளைப் பொறியால் செதுக்கும் வழி கண்டார். சுவரொட்டிகள் பெருகின.

ஆங்கிலத் தலைப்புக்கு 26 பேரெழுத்துகள் போதும். தமிழுக்கோ, காலையும் கொம்பையும் தனியே வார்த்தாலும் நூற்றுக்கு மேற்பட்ட அச்சுகள் வேண்டும். ஆதலால் தமிழில் நிழலெழுத்து ஈயத்தில் பிறந்ததினும் கையில் பிறந்ததே மிகுதி. இதழ்த் தலைப்புகளை ஓவியர் வரைந்தனர். அவற்றை ‘பிளாக்’ செய்து அச்சிட்டனர். தெருவிலே தூரிகை அப்பணியை ஆற்றியது. ஒளி இடப்பக்கம் மேலிருந்து வருவதாகக் கொண்டால், எல்லா எழுத்தின் நிழலும் வலப்பக்கம் கீழே விழவேண்டும். ‘ண’வின் சுழிக்குள் நிழல் புகுந்தால் எழுத்து மங்கும், புள்ளி மறைந்தால் சொல்லே மாறும். நிழலை அடக்கியாளத் தெரிந்தவரே கலைஞர்!

1935இல் பெரியார் ‘குடிஅரசு’ இதழில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியவற்றுக்குச் சீர்வடிவம் தந்தார்; 1978இல் தமிழ்நாடு அரசு அச்சீர்மையை ஏற்றது. கற்போருக்கும் அச்சுக் கோப்போருக்கும் எழுத்து எளிதாக வேண்டும் என்பதே அதன் நோக்கம். நிழலெழுத்துக்கும் அதுவே உரைகல். படிப்பவருக்குப் பணி செய்யாத அழகு எதற்கு?

இன்று கணினி நொடியில் நிழல் சேர்க்கிறது. ஃபிளெக்ஸ் பதாகை ஒரே நாளில் தொங்குகிறது. அதனை நாம் பழிக்கவில்லை. ஆனால், பலகை எழுதிப் பிழைத்தோர் கையில் தூரிகை ஓய்ந்ததை எண்ணிப் பார்த்தோமா? ஆளுநர்களின் பெயர்கள் ஏடுகளில் நிலைத்துவிட்டன. பலகையின் ஓரத்தே சிறிதாய்த் தம் பெயரை எழுதிய ஓவியரின் பெயரோ வெயிலில் வெளுத்து, மழையில் கரைகிறது.

எஞ்சிய பலகைகளைப் படமெடுத்துக் காப்போம். எழுதியவர் இருந்தால், அவரிடம் கேட்டுக் குறித்து வைப்போம். கணினிக்குத் தமிழெழுத்து அமைக்கும் இளைஞர்கள், சுழி அடையாமல் நிழல் வீழ்த்தும் நுட்பத்தை அவரிடமே கற்கட்டும். நூலகத்து வாயிலை மிதிக்க வாய்ப்பற்றவனுக்கும் தெருவில் நின்று தமிழ் கற்பித்த ஆசிரியர் அவர். அவருக்கு நாம் பட்ட கடன் பெரிது.