பீப்பிள்ஸ் பார்க், சென்னை

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு மேற்கே, பூந்தமல்லி நெடுஞ்சாலையின் வடபுறம் பரந்திருந்த பொதுப் பூங்கா. 1859இல் சென்னை ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியனின் முயற்சியில் உருவானது. அன்று கறுப்பர் நகரம் எனப்பட்ட இன்றைய ஜார்ஜ் டவுனில், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் வாழ்ந்த மக்களுக்குக் காற்று வாங்க ஓர் இடம் வேண்டியிருந்தது. இங்கிலாந்திலேயே பொதுப்பணத்தில் அமைந்த முதல் பூங்கா, பர்க்கன்ஹெட்டில், 1847இல்தான் திறந்தது. வருமான வரியை வெளிப்படையாக எதிர்த்ததால் டிரெவெலியன் 1860இலேயே திரும்ப அழைக்கப்பட்டார். பூங்கா நிலைத்தது.

பரப்பு 116 ஏக்கர். உள்ளே 11 குளங்கள், வாத்திய மேடை, நெடுந்தூரம் நடக்கப் பாதைகள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் எட்வர்ட் பால்ஃபோர் 1855இல் தொடங்கிய விலங்குக்காட்சிசாலை பின்னர் இங்கே வந்தது. பாடம் செய்த உடல்கள் இருந்த அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், இதை 'உயிர் காலேஜ்' என்றும் மக்கள் அழைத்தார்கள். எந்தப் பெயர்ப்பலகையிலும் இல்லாத இந்தப் பெயர்கள், பூங்காவை ஊர் எவ்வளவு தன்னுடையதாக்கிக்கொண்டது என்பதற்குச் சாட்சி. ஆண்டிறுதியில் இங்கே நடந்த பூங்காச் சந்தையில் 1886 டிசம்பர் 31 அன்று மூண்ட தீ, நானூறுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது.

பூங்கா ஒரே நாளில் அழியவில்லை. 1880களில் விக்டோரியா பொது மண்டபம் எழுந்தது. 1900இல் மூர் மார்க்கெட், 1913இல் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை, அதன்பின் விளையாட்டரங்கம். ஒவ்வொன்றும் பொதுமக்களுக்காகவே கட்டப்பட்டது. அதனாலேயே நிலம் குறைவது யார் கண்ணிலும் படவில்லை. மண்டபமோ மார்க்கெட்டோ வேறிடத்திலும் எழுந்திருக்கலாம். நெரிசலான குடியிருப்பிலிருந்து குழந்தையை நடத்தியே கூட்டிவந்து மர நிழலில் உட்காரக்கூடிய இடம் அந்தப் பகுதிக்கு இது ஒன்றுதான்.

1985இல் மூர் மார்க்கெட் தீக்கிரையானது. அந்த இடத்தில் ரயில்வேயின் புறநகர் முனையம் வந்தது. அதே ஆண்டு வண்டலூரில் புதிய உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. விலங்குகளுக்கு அது பெரிய விடுதலை. ஜார்ஜ் டவுன் குடும்பங்களுக்கோ உயிர் காலேஜ் முப்பது கிலோமீட்டர் தள்ளிப்போனது. பழைய விளையாட்டரங்கின் இடத்தில் நேரு விளையாட்டரங்கம் 1993இல் திறந்தது.

ரிப்பன் மாளிகைக்குப் பின்புறம் உள்ள மை லேடீஸ் பூங்கா இன்றும் எஞ்சியிருக்கிறது. அருகிலுள்ள ரயில் நிலையத்துக்குப் பெயர் 'பார்க்'. அந்தப் பகுதி முழுவதற்கும் பெயர் 'பார்க் டவுன்'.