குட்டாணியும் குட்டகமும்

கோலார் தங்கவயலில் ஒரே சந்தில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் குடியிருக்கும். கன்னட வீடுகளில், பல் போன பாட்டிமார் வெற்றிலை பாக்கு இடித்துக்கொள்ளக் கைக்கடக்கமாக ஓர் இரும்பு உரல் உண்டு. அதன் பெயர் குட்டாணி. கன்னடத்தில் குட்டு என்றால் இடி. நம் குட்டு தலையில் விழுவது. பிள்ளையார் முன் நாமே போட்டுக்கொள்வது. நெல்லைக் குத்துவோம், மிளகாயை இடிப்போம், குட்டமாட்டோம். பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இந்த இரண்டு குட்டுகளையும் ஒரே பதிவில் உட்காரவைக்கிறது. வடமொழியிலும் ‘குட்ட’ என்றால் நொறுக்குதல்தான். அது தெற்கிலிருந்து அங்கே போனது என்று சொல்லும் அறிஞர்கள் இருக்கிறார்கள். எனக்கும் அந்தப் பக்கமே சாய்வு.

இந்தச் சொல்லைத்தான் நம் பழைய கணக்கர்கள் ஒரு கணித முறைக்குப் பெயராக வைத்தார்கள்: குட்டகம். பெரிய எண்ணைச் சின்ன எண்ணாக இடித்துப் பொடியாக்குகிற வழி.

பெயரின் பொருத்தம் தங்கவயல்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடும். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகு அங்கே நடந்ததெல்லாம் இடிப்புத்தான். ஸ்டாம்ப் மில்லில் கனத்த இரும்புத் தண்டுகள் வரிசையாக மேலே எழும்பித் தொப்பென்று விழும். பாறை மணலாகி, தண்ணீரில் குழம்பாகி, பாதரசம் பூசிய செப்புத் தகட்டின்மேல் ஓடும். தங்கம் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். அதற்கும் தப்பியதைச் சயனைடு கரைத்து எடுத்தது. மிச்ச மண்தான் இன்று ஊரைச் சுற்றிக் குன்று குன்றாக நிற்கிற சயனைடு மேடுகள்.

எண்களை எப்படி இடிப்பது? ஓர் ஆசாரியிடம் 29 கிராம் படிக்கற்களும் 12 கிராம் படிக்கற்களும் மட்டுமே இருக்கின்றன என்று வையுங்கள். தராசில் 1 கிராம் தங்கம் நிறுக்க வேண்டும். முடியுமா?

29-ஐ 12-ஆல் வகுத்தால் ஈவு 2, மிச்சம் 5. 12-ஐ 5-ஆல் வகுத்தால் ஈவு 2, மிச்சம் 2. 5-ஐ 2-ஆல் வகுத்தால் ஈவு மறுபடி 2, மிச்சம் 1. ஒவ்வோர் இடிக்கும் கல் சிறுத்துக்கொண்டே வந்து, கடைசியில் 1 கிடைத்துவிட்டது. இனி வந்த வழியே மேலே ஏற வேண்டும். ஈவுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி ஏறுவார்கள்; அந்த வரிசைக்கு வல்லி, அதாவது கொடி, என்று பெயர். கொடியைப் பிடித்து ஏறினால் விடை: ஒரு தட்டில் 29 கிராம் கல் ஐந்து, 145. மறு தட்டில் 12 கிராம் கல் பன்னிரண்டு, 144. அந்தத் தட்டில் தங்கத்தைப் போட்டு முள் நேரே நின்றால் அது 1 கிராம்.

இந்த விதியை 499-ல் ஆரியபடர் இரண்டே சூத்திரங்களில் சொல்லிவிட்டார். ஆனால் அவற்றில் குட்டகம் என்ற பெயர் இல்லை. 629-ல் அவருக்கு உரை எழுதிய முதலாம் பாஸ்கரர் அந்தப் பெயரைத் தாராளமாகப் புழங்குகிறார். அதற்கு ஓராண்டு முன்பே பிரம்மகுப்தர் ஓர் அத்தியாயத்துக்கே குட்டகம் என்று தலைப்பிட்டுவிட்டார். பூச்சியத்தையும் கடன் எண்களையும் கூட்டிப் பெருக்கும் விதிகள் அங்கேதான் இருக்கின்றன. அவரிடம் குட்டகம் என்பது இயற்கணிதத்துக்கே பெயர்.

சொல் கர்நாடகத்துக்குள் வந்தபோது இன்னும் நெகிழ்ந்தது. ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், 850-ஐ ஒட்டி, மகாவீரர் என்ற கணிதர் கணிதசாரசங்கிரகம் எழுதினார். சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ரங்காச்சாரியாரின் மொழிபெயர்ப்போடு 1912-ல் சென்னையில் அச்சான நூல் அது. அதில் குட்டகம், வல்லிகா குட்டீகாரம் என்ற பெயரில் உண்டு. சுவர்ண குட்டீகாரம் என்று தங்கத்துக்கே தனிப் பகுதியும் உண்டு. ஆவலோடு திறந்தால் அங்கே இடிப்பு இல்லை, உருக்குவதுதான் இருக்கிறது. பத்தரை மாற்றுத் தங்கம் என்கிறோமே, அந்த மாற்றுக் கணக்கு: 10 மாற்றில் 3 பவுனும் 7 மாற்றில் 6 பவுனும் சேர்த்து உருக்கினால் என்ன மாற்று? முப்பதும் நாற்பத்திரண்டும் எழுபத்திரண்டு. ஒன்பது பவுனால் வகுத்தால் 8 மாற்று. வெறும் சராசரி. இதற்கு எதற்குக் குட்டீகாரம்? பங்கு பிரிக்கிற கணக்குக்கும் அவர் அதே பெயர்தான் தருகிறார். எந்தப் புதிருக்கும் ஒட்டுகிற பெயராக அது தேய்ந்துவிட்டது என்றே நினைக்கிறேன். 1817-ல் பிரம்மகுப்தரை ஆங்கிலத்தில் பெயர்த்த கோல்புரூக் மூலப்பொருளுக்கே திரும்பி, ‘பல்வரைசர்’, பொடியாக்கி, என்று போட்டார். இன்று தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வகுத்து வகுத்து இறங்கும் அந்தப் படி ‘யூக்ளிடின் வகுத்தல் வழிமுறை’.

குட்டகம் நொறுக்குவது நேர்க்கோட்டுச் சமன்பாடுகளை. படி கொஞ்சம் ஏறினால் உலக்கை வழுக்குகிறது. எடுத்துக்காட்டாக, மூன்று முழு எண்களின் கனங்களைக் கூட்டியோ கழித்தோ ஓர் எண்ணைப் பெற வேண்டும். நம் ஆசாரியின் 29 சுலபம்: 3-இன் கனம் 27, அதோடு 1, இன்னொரு 1. 12-க்குக் கொஞ்சம் தேட வேண்டும்: 10-இன் கனத்தையும் 7-இன் கனத்தையும் கூட்டி, 11-இன் கனத்தைக் கழிக்க வேண்டும். 42-க்கோ 2019 வரை விடை இல்லை. அந்த ஆண்டு ஆண்ட்ரூ புக்கரும் ஆண்ட்ரூ சதர்லாந்தும் ஏராளமான கணினிகளை ஓடவிட்டுப் பிடித்த மூன்று எண்களும் பதினேழு இலக்கம்.

எல்லாச் சமன்பாட்டையும் போட்டு இடிக்க ஒரே மில் கிடையாதா என்று 1900-லேயே கணிதர் ஹில்பர்ட் கேட்டார். அன்று விடை தெரியாதிருந்த கேள்விகளை அவர் போட்ட பட்டியலில் அது பத்தாவது. மார்ட்டின் டேவிஸ், ஹிலரி புட்னம், ஜூலியா ராபின்சன் மூவரும் பாதிக்கு மேல் வழி போட, 1970-ல் யூரி மத்தியசேவிச் என்ற 22 வயது ரஷ்ய இளைஞர் முடித்துவைத்தார்: முழு எண் விடை உண்டா இல்லையா என்று எல்லாச் சமன்பாட்டுக்கும் சொல்லிவிடும் ஒரே வழிமுறை இருக்கவே முடியாது.

தங்கவயல் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. ஒருமுறை இடித்துச் சலித்துக் கொட்டிய அந்த மேடுகளிலும் தங்கம் மிச்சமிருக்கிறது என்று 2024-ல் மறுபடி பேச்சு எழுந்தது. கனங்களின் மேட்டில் ஆயிரத்துக்குள் தேடுபவர்களுக்கு முதலில் இடறுவது, இன்னும் விடை கிடைக்காத 114. ஓர் எண்ணை 9-ஆல் வகுத்து மிச்சம் 4 அல்லது 5 வந்தால், அது மூன்று கனங்களால் ஆகாது என்று கைவிட்டுவிடலாம். 114-க்கு மிச்சம் 6.